அந்த வார்த்தைகள் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை

ஒரு கசப்பான நினைவை வேண்டுமென்றே அமுக்கி அமுக்கி மறந்துவிட முடியுமா என்று கேட்டால், ஓரளவுக்கு முடியும் என்பேன். ஆனால் நாம் எல்லோரும் வழக்கமாகச் செய்து பார்க்கிற வழியில் முடியாது. அதோடு எது மறக்கும், எது நிற்கும் என்பதும் நம் கையில் இல்லை.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கும்போதே அண்ணன் என்னைப் பார்த்து ஒன்று சொன்னார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என் கை வழியாகத்தான் போனது. நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவன், பில், ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதிவாரியாக ஃபைல் போட்டு வைப்பது எனக்குக் கைப்பழக்கம். அந்தப் பணத்தில் நான் கை வைத்துவிட்டேன் என்ற அர்த்தத்தில் அண்ணன் பேசினார். அர்த்தம் நன்றாக ஞாபகம் இருக்கிறது, வார்த்தைகள்தான் இல்லை. அவர் சொன்னதை அப்படியே இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தால் வரமாட்டேன் என்கிறது. மனைவியிடம் கேட்டால் ஒரு வாக்கியம் சொல்கிறாள், தங்கையிடம் கேட்டால் வேறொன்று சொல்கிறாள், இரண்டுமே நான் கேட்டது மாதிரி இல்லை. ஒரு காலத்தில் அந்த வாக்கியமும் அவர் சொன்ன தொனியும் பக்கத்தில் சித்தப்பா எதையோ டக்கென்று கீழே வைத்த சத்தமும் ராத்திரி முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் வைத்தது டம்ளரா சொம்பா என்று இப்போது சத்தியமாகத் தெரியவில்லை.

இது தானாக நடந்ததில்லை, பழகிச் செய்தது. காலம் போனால் எல்லாம் மறக்கும் என்று சொல்வார்கள், அதுவும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனால் அதே வயதில், அதே வருஷத்தில் நடந்த வேறு சில்லறைச் சண்டைகள் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருப்பதால், காலத்தின் தலையில் மட்டும் இதைக் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படுக்கையில் படுத்துக்கொண்டு "அதை நினைக்கவே கூடாது" என்று சபதம் எடுப்பது. குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து சாப்பிடாதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்குத் தெரியும், மருந்துக் கிண்ணத்தை எடுத்தாலே குரங்கு வந்து உட்கார்ந்துவிடும். இதையே 1987-ல் அமெரிக்காவில் டேனியல் வெக்னர் என்ற உளவியல் பேராசிரியர் வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துக் காட்டினார். ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்று விட்டபோது, முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்ததாம். தடுக்கத் தடுக்கப் பொங்கி வரும் என்ற எண்ணம் அதிலிருந்து பரவி, எதையும் அடக்கக் கூடாது, அடக்கினால் வேறு வழியில் வெடிக்கும் என்று டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தங்கை மகள் உளவியல் படிக்கிறாள். ஒரு தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது, அண்ணன் பெயர் போனில் வந்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்ததைப் பார்த்துவிட்டாள். விஷயம் அவளுக்கும் தெரியும், அந்தத் திண்ணையில் அவளும் இருந்தாள்.

"மாமா, ராத்திரி படுத்துக்கிட்டு நினைக்கக் கூடாது நினைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டிருந்தா அது போகவே போகாது. பெரிய மாமா பேரைப் பார்த்த உடனே உள்ளுக்குள்ள அந்தச் சீன் ஓட ஆரம்பிக்கும்ல, அந்த இடத்துல பிரேக் போடணும். போனைக் கவுத்து வச்சா பிரேக் எங்க போடுவீங்க?"

அவள் சொல்லித்தான் 2001-ல் நடந்த ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். அப்போது ஒரேகான் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் ஆண்டர்சனும் காலின் கிரீனும் செய்தது, நேச்சர் இதழில் வந்தது. செய்முறை ரொம்ப எளிது. வார்த்தைகளை ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், உதாரணத்துக்குத் திண்ணை – சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணை என்றால் சாவி என்று சட்டென்று வருமளவுக்குப் பாடமான பிறகு, சில ஜோடிகளுக்கு முதல் வார்த்தையைக் காட்டி இரண்டாவதைச் சொல்லச் சொல்வார்கள். வேறு சிலவற்றுக்கு முதல் வார்த்தையைக் காட்டி, "இதையே பார்த்துக்கொண்டிரு, ஆனால் ஜோடி வார்த்தை மனதுக்குள் வரக் கூடாது" என்பார்கள். கண்ணை வேறு பக்கம் திருப்பக் கூடாது. சில விநாடிகள்தான், ஆனால் அதே வார்த்தை திரும்பத் திரும்ப வரும், சிலவற்றுக்கு 16 தடவை வரைக்கும். கடைசியில் எல்லா ஜோடிகளையும் கேட்டால், அப்படித் தடுத்து வைத்தவை, நடுவில் தொடவே தொடாமல் விட்ட ஜோடிகளைவிடக் குறைவாகத்தான் ஞாபகம் வந்தன. வேறு துப்பு கொடுத்துக் கேட்டபோதும் அப்படித்தான். அதாவது திண்ணைக்கும் சாவிக்கும் நடுவில் இருந்த முடிச்சு மட்டும் அவிழவில்லை, சாவியே மங்கியிருக்கிறது.

வெக்னர் சோதனையில் கரடியை நினைவுபடுத்தும் பொருள் எதுவும் எதிரில் கிடையாது, உத்தரவிலேயே கரடி இருக்கிறது, வந்துவிட்டதா என்று நாமே உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே எதிரில் ஒரு பொருள் இருக்கிறது, அது இழுக்கும் நினைவை அந்தச் சில விநாடி மட்டும் நிறுத்தினால் போதும். எனக்கு இது புரிந்ததும் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, ஏனென்றால் நாள் முழுக்க ஒன்றைக் காவல் காக்க வேண்டியதில்லை.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

அந்த நினைவை எதெல்லாம் கிளப்புகிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன். அண்ணன் பெயர், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவர் போடும் காலை வணக்கம், பீரோவில் இருந்த அந்த ஆஸ்பத்திரி ஃபைல், அப்புறம் ஊருக்குப் போகும்போது பஸ் தாராபுரம் தாண்டி ஒட்டன்சத்திரத்துக்குள் நுழைந்து மார்க்கெட் பக்கம் காய்கறி வாடை அடிக்கும் இடம். அந்த வாடைக்கும் சண்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, வீடு நெருங்குகிறது என்ற உணர்வுதான். ஆனால் வயிறு சரியாக அந்த இடத்தில் பிசையத் தொடங்கும்.

போன் அடிக்கும். திரையில் 'அண்ணன்'. முன்பு என்றால் கவிழ்த்து வைப்பேன், அல்லது எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவேன், எப்படியும் எடுப்பதற்குள் திண்ணைக் காட்சி ஒரு ரவுண்டு ஓடி முடிந்திருக்கும், குரல் கடுகடுவென்றுதான் வரும். இப்போது அந்தப் பெயரை நேராகப் பார்த்தேன். முதலில் சாயங்கால வெளிச்சம் வரும், அப்புறம் திண்ணைத் தூண், அப்புறம் அவர் முகம், அப்புறம்தான் வாக்கியம், இதுதான் அது வரும் வரிசை. தூண் வரும்போதே நிறுத்த வேண்டும், முகம் வரைக்கும் விட்டால் வாக்கியம் தானாக வந்துவிடும். நிறுத்துவது எப்படி என்று கேட்டால் சொல்வது கொஞ்சம் கஷ்டம். பல்லைக் கடிப்பதெல்லாம் இல்லை, வாய் வரைக்கும் வந்த ஒரு பேச்சை ஆள் பார்த்து நிறுத்திக்கொள்வோமே, அந்த மாதிரிதான். கண் பெயர் மேலேயே இருக்கும், உள்ளே ஒன்றும் ஓடாது, மூன்று நான்கு ரிங். அப்புறம் எடுத்து "சொல்லுங்கண்ணே" என்பேன்.

முதல் சில வாரம் பெரும்பாலும் காட்சிதான் ஜெயித்தது. வந்துவிட்டால் வந்துவிட்டது என்று விட்டுவிட்டு அடுத்த போனுக்குப் பார்த்துக்கொள்வேன், வந்துவிட்டதே என்று நொந்துகொண்டால் அதுவே இன்னொரு ஒத்திகை. கொஞ்ச நாளில் தூண் வரைக்கும் வந்து நிற்க ஆரம்பித்தது, பிறகு வெளிச்சத்தோடு நின்றது, ஒரு கட்டத்தில் பெயரைப் பார்த்தால் இன்றைக்கு என்ன விஷயமாகக் கூப்பிடுகிறார் என்ற கேள்விதான் முதலில் வந்தது.

இதற்கு மூளையில் நடப்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2004-ல் ஆண்டர்சனும் கூட்டாளிகளும் ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஆட்களைப் படுக்கவைத்து இதே சோதனையைச் செய்தார்கள். நிறுத்தும் நேரத்தில் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி மும்முரமாக வேலை செய்கிறது, நினைவுகளை எடுத்துக் கொடுக்கும் ஹிப்போகாம்பஸ் அடங்குகிறது. கையை நீட்டப் போய் நிறுத்திக்கொள்ளும்போது உடம்பைக் கட்டுப்படுத்துவதும் முன்மூளைதான். தங்கை மகள் பிரேக் என்று சொன்னது சும்மா இல்லை. 2017-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஹிப்போகாம்பஸில் காபா என்ற அடக்கும் ரசாயனம் கூடுதலாக இருப்பவர்களால் இதை நன்றாகச் செய்ய முடிகிறது என்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வராது என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குச் சுத்தமாக வராத நாட்கள் மாசக் கடைசியும் மார்ச் மாதமும்தான். ஜிஎஸ்டி, இயர் எண்டிங் என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்துவிட்டு மறுநாள் அண்ணன் போன் வந்தால் முழுப் படமும் கலரில் ஓடும். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்துச் சோதித்திருக்கிறார்கள், தூங்கினவர்களைவிடத் தூங்காதவர்களுக்கு வேண்டாத நினைவுகள் அதிகம் நுழைந்தன என்று 2021-ல் எழுதினார்கள். ஆகவே தூக்கம் கெட்ட அன்றைக்கு இந்தப் பயிற்சியே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன், முடிந்தால் அண்ணனிடம் "நாளைக்குப் பேசுறேண்ணே" என்றுவிடுவேன். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று நாம் சொல்கிறோம், ஆனால் ஒரு ராத்திரி தூக்கம் தாண்டிய நினைவை அமுக்குவது, அன்றைக்கே அமுக்குவதைவிடக் கடினம் என்று 2016-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். சண்டை போட்ட அன்றைக்கு ராத்திரி அதையே பேசிப் பேசி, எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டுப் படுப்பதுதான் நம் ஊர் வழக்கம். மறக்க நினைக்கிறவர் செய்யக் கூடாத முதல் காரியம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறுத்துவது ரொம்பக் கஷ்டமாக இருந்தால் மாற்றி வைக்கலாம். அந்தப் பெயரைப் பார்த்ததும் வேறொரு நினைவை எடுத்துப் போடுவது. எனக்கு ஒன்று கிடைத்தது: நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அண்ணன் என்னை டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்காரவைத்துச் சிறுமலை அடிவாரம் வரைக்கும் கூட்டிப் போனது, ஏற்றத்தில் வண்டி திணற, என்னை இறங்கி ஓடி வரச் சொல்லி, மேலே போய்க் காத்திருந்தது. ஓடி மூச்சு வாங்கினதுகூட நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆண்டர்சனும் ரோலண்ட் பெனாய்ட்டும் 2012-ல் இரண்டு வழியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளை இரண்டுக்கும் வெவ்வேறு பாதையில் வேலை செய்கிறது, ஆனால் மறதி இரண்டிலும் வருகிறது. எனக்கு மாற்றி வைப்பதுதான் எளிதாக இருந்தது. என்ன, மாற்று நினைவு உண்மையானதாக, கொஞ்சம் உருவத்தோடு இருக்க வேண்டும். முருகா முருகா என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கு அது நிற்கவில்லை.

இனி, போனது எது என்ற கதை.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சைமா நொரீன், மால்கம் மக்லியோட் இருவரும் வார்த்தை ஜோடிகளை விட்டுவிட்டு, ஆட்களின் சொந்த வாழ்க்கை நினைவுகளை வைத்தே இதைச் செய்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வில் நினைவு முழுசாகப் போய்விடவில்லை, விவரங்கள்தான் உதிர்ந்தன. என் அனுபவமும் அட்சரம் பிசகாமல் இதுதான். அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டார் என்பது போகவில்லை, போகவும் போகாது. போனது முகம், தொனி, வார்த்தை, டம்ளர். வலியைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்னவோ இந்தப் பின்னால் சொன்ன நாலும்தான், அதனால் லாபக் கணக்குதான்.

நஷ்டமும் இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். அதே பருவத்தில் மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போய் வந்தோம். திரும்பும் வழியில் பல்லடத்தில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோமாம், அவள் சால்னாவைச் சட்டையில் கொட்டிக்கொண்டாளாம், எல்லோரும் சிரித்தோமாம். "ஏங்க, நிஜமாவே ஞாபகம் இல்லையா?" என்று மனைவி கேட்கிறாள். இல்லை. 2016-ல் ஒரு ஆய்வு வந்தது, நினைவை அமுக்கிக்கொண்டிருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் கண்ணில் பட்ட, அதற்குச் சம்பந்தமே இல்லாத விஷயங்களும் சரியாகப் பதியாமல் போகின்றன என்று. ஹிப்போகாம்பஸை அடக்கினால் அது எல்லா வேலைக்கும் சேர்த்துத்தான் அடங்குகிறது. என் பரோட்டா அதனால்தான் போனதா, அப்பா போன துக்கத்தில் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: பிள்ளைகளோடு வெளியே போகும் நாளில் குடும்ப குரூப்பைத் திறப்பதே இல்லை. அங்கே அமுக்க வேண்டியது ஏதாவது வந்தால், அந்த நாளும் சேர்ந்து மங்கிவிட்டால் என்ன செய்வது.

பாகப்பிரிவினைப் பத்திரம் பதிய ஊருக்குப் போயிருந்தோம். டோக்கன் வர நேரமானது, எதிரில் டீக்கடையில் நானும் அண்ணனும் மட்டும். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே ஆரம்பித்தார். "அன்னைக்கு நான் பேசினது தப்புடா. அதுவும் எல்லார் முன்னாடியும். மத்ததுகூடப் பரவால்ல, கடைசியா ஒண்ணு சொன்னேன் பாரு, அதை நான் சொல்லியிருக்கவே கூடாது."

"எதுண்ணே?" என்றேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நக்கல் பண்றியா? நானே இறங்கி வந்து கேக்குறேன், என் வாயால இன்னொரு தடவ சொல்ல வைக்கணும்னு பாக்குறியா?"

"இல்லண்ணே, நெசமாவே ஞாபகம் இல்ல."

நம்பவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வருகிறவருக்கு, எதிராளியிடம் அந்தக் காயம் பத்திரமாக இருக்க வேண்டியிருக்கிறது, நாம் அதைத் தொலைத்துவிட்டோம் என்றால் அவர் கொண்டுவந்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் கோபம் வருகிறது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இங்கே விலாவாரியாக எழுதுகிறேன். தங்கை நடுவில் புகுந்து, "அவன் எல்லாத்தையும் விட்டுட்டாண்ணே, நீங்களும் விடுங்க" என்று சொல்லித்தான் கைரேகை வைக்க உள்ளே வந்தார். உங்களிடம் யாராவது அப்படி வந்தால் "எது?" என்று கேட்காதீர்கள். "விடுங்கண்ணே" என்று சொல்லிவிடுங்கள், போதும்.

மன்னித்தால் மறப்பது எளிதாகிறது என்றும் அதே செயின்ட் ஆண்ட்ரூஸ் குழு 2014-ல் எழுதியிருக்கிறது. பிறர் செய்த தவறுகளைப் பற்றிய சம்பவங்களைக் கொடுத்து, இதை மன்னிப்பீர்களா என்று கேட்டுவிட்டு, பிறகு அமுக்கச் சொன்னார்கள். மன்னிப்பேன் என்று சொன்ன சம்பவங்களின் விவரங்கள் மறந்தன, மன்னிக்க மாட்டேன் என்று சொன்னவை மறக்கவில்லை. நான் அண்ணனை எப்போது மன்னித்தேன், மன்னித்தேனா என்றே எனக்குத் தெளிவில்லை, ஆனால் பயிற்சி பலிக்க ஆரம்பித்தது ஃபைல் வேலையை முடித்த பிறகுதான். ஆஸ்பத்திரிக் கணக்கு முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து, வரவு செலவைத் தனித்தாளில் எழுதிக் கூட்டிப் போட்டு, அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று கொடுத்துவிட்டேன். செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கும்போது நினைவை அமுக்கினால் அது அடங்காது, அடங்கவும் கூடாது. போலீசில் புகார் கொடுக்க வேண்டிய விஷயம், டாக்டர் மறுபடி வரச் சொன்ன ரிப்போர்ட், திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன், இதையெல்லாம் மறக்கப் பழகுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை உட்காரவைத்து முதலில் எல்லாவற்றையும் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். விவரம்தான் முதலில் உதிரும் என்றேனே, சாட்சி சொல்லத் தேவைப்படுவதும் அதே விவரம்தான்.

இதை எல்லோருக்கும் கேட்கிற மந்திரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைகளில் வரும் மறதி சின்ன அளவுதான். 2006-ல் அமெரிக்காவிலேயே இன்னொரு குழு இதே முறையில் செய்து பார்த்து, அந்த மறதி கிடைக்கவில்லை என்று எழுதியது. ஆனால் பயம், கவலை உள்ளவர்களுக்குப் பழகிக்கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. கேம்பிரிட்ஜில் சுல்கைதா மமத்தும் ஆண்டர்சனும் 16 நாடுகளில் 120 பேருக்கு ஆன்லைனில் 3 நாள் பயிற்சி கொடுத்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். நடந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த விஷயங்களை அமுக்கப் பழகியவர்களுக்கு அந்தப் பயம் மங்கியது, மனநிலையும் தேறியது, அமுக்கியதால் எதுவும் பொங்கி வெடிக்கவில்லை.

என்னுடையது குடும்பச் சண்டை. விபத்து, வன்முறை, சின்ன வயதில் நடந்த கொடுமை மாதிரியானவை வேறு ரகம். 2015 நவம்பர் 13 பாரிஸ் தாக்குதலில் சிக்கித் தப்பியவர்களை வைத்து 2020-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பார்த்தபோது, மனக்காய நோய் வந்தவர்களுக்கு இந்த பிரேக்கே சரியாகப் பிடிக்கவில்லை, அதே இடத்தில் இருந்தும் நோய் வராதவர்களுக்குப் பிடித்தது. பிரேக் பிடிக்காதவரிடம் போய் "நீ நினைக்காமல் இரு" என்று சொல்வது கொடுமை. அப்படித் தூக்கத்திலும் விழிப்பிலும் நுழைந்துகொண்டே இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், உடனே போக முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அண்ணன் இப்போது அடிக்கடி கூப்பிடுகிறார். பெரும்பாலும் அம்மாவின் சர்க்கரை அளவு, கிணற்று மோட்டார், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போவது என்கிற பேச்சு. குரலில் எனக்குக் கடுகடுப்பு இல்லை என்று மனைவியே சொல்கிறாள். போன மாசம் மோட்டார் மாற்ற நான் பணம் அனுப்பினேன். அனுப்பிய கையோடு தொகை, தேதி, எதற்காக என்று மூன்றையும் எழுதி வாட்ஸ்அப்பில் அவருக்கு ஒன்றும் தங்கைக்கு ஒன்றும் போட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.